காந்தம் மனநோயைத் தீர்க்குமா?

ஒரு கம்பிச்சுருளின் முனைகளைக் கால்வனாமீட்டருடன் இணைத்து, சட்டக் காந்தம் ஒன்றைச் சுருளுக்குள் நுழைத்தால் முள் ஒரு பக்கம் விலகும். வெளியே இழுத்தால் மறுபக்கம் விலகும். காந்தத்தை உள்ளேயே அசையாமல் வைத்திருந்தால், அது எவ்வளவு வலிமையானதாயினும், முள் பூஜ்யத்திலேயே நிற்கும். மாறும் காந்தப்புலமே மின்னோட்டத்தைத் தூண்டும் என்பதை 1831-ஆம் ஆண்டு மைக்கேல் ஃபாரடே கண்டறிந்தார். நம் வயலோரத்து மின்மாற்றி இயங்குவது இவ்விதியால்தான். இன்று மனச்சோர்வு நோய்க்குச் சிகிச்சையளிக்கும் ஒரு கருவியும் இதே விதியில் இயங்குகிறது.

மறுபுறம், காந்தக் காப்பு, காந்தப் படுக்கை என்று விற்பவர்களும் "மன அமைதி தரும்" என்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானா?

நரம்பணுவின் மடைகள்

நரம்பணுவின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் குறைந்த மின்னழுத்தத்தில் உள்ளது. அதன் சவ்வில் சோடியம் அயனிகளுக்கான நுண்ணிய வழிகள் உண்டு. இவற்றை வாய்க்கால் மடைகளாக எண்ணிக்கொள்ளுங்கள். மின்னழுத்த வேறுபாடு போதிய அளவு குறைந்ததும் மடைகள் திறக்கும். அயனிகள் உள்ளே பாயும். நரம்புத்துடிப்பு ஒன்று புறப்பட்டு அடுத்த அணுவை நோக்கி ஓடும். நம் நினைவும் அசைவும் மகிழ்ச்சியும் இத்துடிப்புகளைச் சார்ந்தவையே.

அப்படியானால், வெளியிலிருந்து சிறிது மின்சாரம் செலுத்தி இம்மடைகளைத் திறக்கலாமே! திறக்கலாம். ஆனால் மண்டையோடு மின்சாரத்தை எளிதில் உள்ளே விடாது. அதனால் தலைத்தோலில் மிகுந்த மின்னழுத்தம் தரவேண்டும்; அது வலிக்கும். காந்தப்புலத்துக்கோ எலும்பு ஒரு தடையே அன்று. 1985-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் அந்தோணி பார்க்கரும் அவருடைய குழுவினரும் ஒருவர் தலைமீது கம்பிச்சுருளை வைத்து, அதில் ஒரு கணம் பெரும் மின்னோட்டத்தைச் செலுத்தினர். அவருடைய கைவிரல்கள் துடித்தன! கையை இயக்கும் மூளைப்பகுதி தூண்டப்பட்டதே காரணம்.

கருவி இயங்கும் விதம்

மின்தேக்கி ஒன்றில் சேர்த்து வைத்த மின்னூட்டம், எட்டு வடிவச் சுருளின் வழியே சட்டென்று பாய்கிறது. மின்னோட்டம் சில ஆயிரம் ஆம்பியர். சுருளருகே காந்தப்புலம் ஏறத்தாழ 2 டெஸ்லா வரை உயரும். தஞ்சையில் புவியின் காந்தப்புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லாதான். அதைவிட இது 50,000 மடங்கு! ஆனால் முக்கியமானது வலிமை மட்டும் அன்று, வேகம். புலம் ஒரு விநாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் உயர்வதாகக் கொண்டால், மாறும் வீதம் விநாடிக்கு 20,000 டெஸ்லா. இதனால் மூளைப் புறணியில் மீட்டருக்கு 100 வோல்ட் அளவில் மின்புலம் தூண்டப்படுகிறது. சுருளிலிருந்து இரண்டு, மூன்று சென்டிமீட்டர் ஆழம் வரை இதன் பயன் எட்டும்.

மனச்சோர்வு நோயில் இடது நெற்றிப்புறத்து மூளைப்பகுதியைத் தூண்டுவார்கள். பரவலான ஒரு முறையில் விநாடிக்கு 10 துடிப்பு வீதம் 4 விநாடி. பிறகு 26 விநாடி ஓய்வு. இப்படி 75 சுற்றுகளில் 3,000 துடிப்புகள். நேரம் எவ்வளவு ஆகும் என்று கணக்கிடுங்கள்: முப்பத்தேழரை நிமிடம். வாரம் ஐந்து நாள், நான்கு முதல் ஆறு வாரம் வரை இது தொடரும். மயக்க மருந்து தேவையில்லை. தண்ணீர் திரும்பத் திரும்ப ஓடும் வாய்க்கால் சீராவதுபோல, திரும்பத் திரும்பத் தூண்டப்படும் நரம்பிணைப்புகளும் மாற்றம் பெறுகின்றன.

அமெரிக்காவில் 2008-இல் இதற்கு அனுமதி கிடைத்தது. நம் நாட்டில் பெங்களூர் நிம்ஹான்ஸ், ராஞ்சி மத்திய மனநல நிறுவனம் ஆகியவற்றில் இம்முறை பற்றிய ஆய்வுகள் நடந்துள்ளன. மருந்தால் போதிய பலன் பெறாதவர்களுக்கே இது பெரும்பாலும் பரிந்துரைக்கப்படுகிறது. எல்லோரும் குணமடைவதில்லை. தலைவலி வரலாம், அரிதாக வலிப்பும் வரலாம். தலைக்குள் உலோகம் பொருத்தப்பட்டவர்களுக்கு இது ஏற்றதன்று. ஆகவே மனநல மருத்துவரே முடிவு செய்யவேண்டும்.

காப்பின் கணக்கு

இனிக் காந்தக் காப்புக்கு வருவோம். கையை ஆட்டினால் அதன் புலமும் மாறுமே என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. காப்பின் புலம் 0.1 டெஸ்லா என்றும், அது ஒரு விநாடியில் முழுதும் மாறுகிறது என்றும் தாராளமாகவே கொள்வோம். மாறும் வீதம் விநாடிக்கு 0.1 டெஸ்லா. சிகிச்சைக் கருவியோடு ஒப்பிட்டால் இரண்டு இலட்சத்தில் ஒரு பங்கு! அதுவும் மணிக்கட்டில், மூளையில் அன்று. அசையாத காந்தப் படுக்கையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

காசு போவதைவிடக் காலம் போவதுதான் பெரிய இழப்பு. நடவு நேரத்தில்கூட வயல் பக்கம் போகாமல், உணவில் விருப்பமின்றி, விடியுமுன் விழித்துக்கொண்டு சுவரைப் பார்த்து அமர்ந்திருக்கும் ஒருவரை "சோம்பேறி" என்றும், "பேய் பிடித்தவர்" என்றும் ஊர் பேசுகிறது. "கீழ்ப்பாக்கம்" என்ற ஊர்ப்பெயரே கேலிச்சொல்லாகிவிட்டது. காவிரிக்கரையிலுள்ள குணசீலம் பெருமாள் கோயிலுக்கு மனநோயாளிகளை அழைத்து வந்து 48 நாள் தங்கவைப்பது நெடுநாள் வழக்கம். வழிபாடு தரும் ஆறுதலை மறுக்க வேண்டியதில்லை. அதற்காக மருத்துவத்தை நிறுத்தக்கூடாது. 2001 ஆகஸ்டு 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டனர். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியைச் சங்கிலியிடுவதைத் தடைசெய்கிறது.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ இப்படி ஒருவர் இருந்தால், மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுமாறு பெரியவர்களிடம் சொல்லுங்கள். மத்திய அரசின் டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

சிந்தித்து விடை காண்க: எம்.ஆர்.ஐ. கருவி பலவற்றில் 1.5 டெஸ்லா வலிமையுள்ள நிலையான காந்தப்புலம் உண்டு. அதற்குள் அசையாமல் படுத்திருப்பவரின் விரல்கள் அப்புலத்தால் துடிப்பதில்லை. ஏன்?