கிளவுடுக்கு எத்தனை லாரித் தண்ணீர்?

"போனில் எடுத்த படம் எங்கே இருக்கிறது?" என்று எட்டாம் வகுப்பில் கேட்டால், "கிளவுடுல இருக்கு சார்" என்று உடனே பதில் வரும். அந்தக் கிளவுடு எங்கே இருக்கிறது என்று அடுத்துக் கேட்டுப் பாருங்கள், வகுப்பு அமைதியாகிவிடும். அது வானத்தில் இல்லை, காம்பவுண்டுச் சுவருக்குள் நிற்கும் ஒரு பெரிய கட்டடத்தில் இருக்கிறது என்பதிலிருந்தே இந்தப் பாடத்தைத் தொடங்கலாம்.

தரவு மையம் என்பது ஆயிரக்கணக்கான சர்வர்கள் இரவு பகலாக இயங்கும் இடம். காலையில் நாம் செயலியில் பதியும் மாணவர் வருகையும், கடையில் யுபிஐ வழியாகச் செலுத்தும் பணமும் இப்படி ஏதோ ஒரு கட்டடத்துக்குத்தான் போய்ச் சேர்கின்றன. சென்னையை அடுத்த சிறுசேரியிலும் தரவு மையங்கள் இருக்கின்றன. கடலடி இணைய வடங்கள் சென்னையில் கரையேறுவது அதற்கு ஒரு காரணம்.

இவ்வளவு பயனுள்ள ஒன்றை ஏன் பல ஊர்களில் மக்கள் எதிர்க்கிறார்கள்? விடையின் ஒரு பாதி நம் அறிவியல் பாடநூலிலேயே இருக்கிறது. சர்வர் எதையும் தூக்குவதில்லை, இழுப்பதில்லை. அது பெறும் மின்னாற்றல் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகிறது. பத்தாம் வகுப்பின் ஜூல் வெப்ப விதியை இங்கே நினைவூட்டலாம். அந்த வெப்பத்தை வெளியேற்றாவிட்டால் இயந்திரம் நின்றுவிடும். பல மையங்கள் இதற்கு நீரை ஆவியாக்குகின்றன. நம் மண்பானையில் நடப்பதும் இதுதான். ஒரு யூனிட் மின்சாரம் தரும் வெப்பம் 3,600 கிலோ ஜூல். ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது சுமார் 2,400 கிலோ ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். ஆக, ஆவியாதலை மட்டுமே நம்பினால் யூனிட்டுக்கு ஒன்றரை லிட்டர் நீர் வேண்டும். காற்றால் குளிர்விக்கும் மையங்களும் உண்டு. அங்கே தண்ணீர் மிச்சமாகும், ஆனால் பொதுவாக மின்செலவு கூடும். இந்தக் கொடுக்கல் வாங்கலை மாணவர்கள் புரிந்துகொண்டால் பாதிப் பாடம் முடிந்தது.

மறுபாதிக்கு அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் உள்ள தி டால்ஸ் என்ற சிறு நகரத்தை எடுத்துக்கொள்வோம். கொலம்பியா ஆற்றங்கரையில் உள்ள இந்த ஊரில் சுமார் 16,000 பேர் வசிக்கிறார்கள். கூகுள் 2006 முதல் அங்கே தரவு மையம் நடத்துகிறது. அது எவ்வளவு நீர் எடுக்கிறது என்று ஒரு நாளிதழ் கேட்டபோது, அது வணிக ரகசியம் என்று நகர நிர்வாகம் மறுத்தது. விவரத்தைத் தராமலிருக்க நீதிமன்றத்துக்கும் போனது. கடைசியில் 2022 டிசம்பரில் சமரசம் ஏற்பட்டு எண்கள் வெளியாயின. 2021இல் மட்டும் 35.5 கோடி காலன்! நகரத்தின் மொத்த நீர்ப் பயன்பாட்டில் கால் பங்குக்கும் மேல்.

இந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதிவிட்டு வகுப்பிடம் விட்டுவிடுங்கள். ஓர் அமெரிக்க காலன் 3.785 லிட்டர். ஆண்டுக்குச் சுமார் 134 கோடி லிட்டர், நாளுக்கு ஏறக்குறைய 37 லட்சம் லிட்டர் என்று வரும். 12,000 லிட்டர் லாரியென்றால் தினமும் முந்நூறு லாரிக்கு மேல். ஜல் ஜீவன் திட்டத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது அளவு. அந்தக் கணக்கில் இது எத்தனை பேருக்கான குடிநீர்? அறுபத்தாறாயிரத்தைத் தாண்டும். தம் ஊராட்சியின் மக்கள்தொகையோடு மாணவர்களே ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

மின்சாரத்துக்கு அயர்லாந்து பொருத்தமான எடுத்துக்காட்டு. அந்நாட்டின் மின்நுகர்வில் தரவு மையங்களின் பங்கு 2015இல் 5 விழுக்காடு, 2023இல் 21. நகர்ப்புற வீடுகள் எல்லாம் சேர்ந்து பயன்படுத்தியதே 18 விழுக்காடுதான். வேறு ஊர்களில் வேறு குறைகள்: ஓயாத விசிறி இரைச்சல், டீசல் ஜெனரேட்டர் புகை, கட்டும்போது நிறையப் பேருக்கு வேலை தந்து ஓட்டும்போது சிலருக்கே தருவது.

மறுதரப்பையும் வகுப்பில் சொல்லியாக வேண்டும். மையம் ஊருக்கு வரி வருவாய் தரும். தி டால்ஸில் நீர்க் கட்டமைப்பை மேம்படுத்தும் செலவை ஏற்க கூகுள் ஒப்புக்கொண்டது. சிலியின் சாண்டியாகோ அருகே செரியோஸில் மக்கள் எதிர்ப்பும் வழக்கும் வந்த பிறகு, நீரைத் தவிர்த்துக் காற்றால் குளிர்விக்கும் முறைக்கு மாறுவதாக அந்நிறுவனம் அறிவித்தது. எதிர்ப்பவர்களும் கைப்பேசி வைத்திருப்பவர்கள்தான். அவர்களில் பலர் கேட்பது, எவ்வளவு எடுப்பீர்கள், யாருடைய பங்கிலிருந்து எடுப்பீர்கள் என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள் என்பதைத்தான்.

இதைப் பட்டிமன்றமாக்க வேண்டாம் என்பது என் கருத்து. "நன்மையா, தீமையா" என்று வைத்தால் குரல் உயருமே தவிர எண்கள் மறைந்துவிடும். அதற்குப் பதில் கிராம சபை நடத்தலாம். நான்கு மாணவர்கள் நிறுவனத்தார்; நிலமும் நீரும் கேட்டு வருகிறார்கள். மற்றவர்கள் விவசாயி, குடிநீர்த் தொட்டி இயக்குபவர், வேலை தேடும் பட்டதாரி, ஊராட்சித் தலைவர். ஒவ்வொருவரும் ஒரு கேள்வியை எழுதிக்கொண்டு வர வேண்டும். அதற்கான விடையில் ஓர் எண்ணும் அலகும் இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. "சித்திரை, வைகாசியில் எவ்வளவு தண்ணீர் எடுப்பீர்கள்?" என்று யாராவது கேட்டால் அங்கே சற்று நிறுத்துங்கள். ஆண்டு மொத்தத்தைப் பன்னிரண்டால் வகுத்துக் கிடைக்கும் சராசரி அதற்கு விடையாகாது. ஒன்பதாம் வகுப்பென்றால் புள்ளியியல் பாடத்தை அந்த இடத்திலேயே திறந்துவிடலாம்.