கால்சியம் ஃபுளூரைடும் ‘கரையாதது’ என்னும் சொல்லும்

கால்சியம் கார்பனேட்டின் மீது ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் வினைபுரிந்தால், கரியமில வாயு நுரைத்து வெளியேற, கால்சியம் ஃபுளூரைடு வெண்தூளாகப் படிகின்றது. இயற்கையில் இதுவே ஃபுளோரைட் என்னும் கனிமம். உருகுநிலை ஏறத்தாழ 1,418 பாகை செல்சியஸ். புற ஊதாக் கதிரையும் ஊடுருவ விடுதலின் ஒளியியற் கருவிகளுக்கு வில்லைகள் இதனாற் செய்யப்படுகின்றன. அடர் கந்தக அமிலத்துடன் சூடாக்கினால் தன்னை ஆக்கிய அமிலத்தையே திரும்ப ஈனும். அவ்வமிலம் கண்ணாடியையும் அரிக்குமாதலின் கண்ணாடிக் குடுவை இதற்கு ஆகாது.

தமிழ் பயிற்றும் நாம் வேதியியலிற் புகுந்தது ஒரு சொல்லின் பொருட்டே. இச்சேர்மம் நீரில் ‘கரையாதது’ என மாணவர் எழுதுகின்றனர். எதிர்மறை வினையாலணையும் பெயராகிய அச்சொல் சிறிதும் இடந்தராது. உண்மையிலோ, 20 பாகை வெப்பநிலையில் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 16 மில்லிகிராம் கரையும். ‘அரிதிற் கரைவது’ என்பதே பொருந்தும்.

இவ்வளவு அற்பந்தானே எனலாம். அதில் ஃபுளூரைடு மட்டும் சுமார் 8 மில்லிகிராம். குடிநீருக்கு உலக நலவாழ்வு நிறுவனம் வகுத்த உச்ச அளவோ லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். அது மிகின் வளரும் குழந்தைகளின் பல்லிற் கறை படியும். மிகுதியாய் நெடுங்காலம் பருகினால் மூட்டும் விறைக்கும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பாறைக் கனிமங்களினின்று சிறுகச் சிறுகக் கரைந்த ஃபுளூரைடு நிலத்தடி நீரிற் சேர்ந்தமையாலன்றோ, ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரைக் குழாய்வழிக் கொணர நேர்ந்தது!