ஸ்கோக்கியில் நடக்காத ஊர்வலம்

ஸ்கோக்கியில் நாஜிகள் ஊர்வலம் போனார்கள் என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். போகவே இல்லை. வழக்குகள்தான் நடந்தன. சிகாகோவை ஒட்டிய அந்த ஊரில் 1977இல் ஏறத்தாழ 70,000 பேர் வசித்தார்கள். பாதிக்கு மேல் யூதர்கள். அவர்களில் ஆயிரக்கணக்கானோர் ஹிட்லரின் கொலைவெறிக்குத் தப்பி வந்தவர்கள். ஃபிராங்க் காலினின் சின்னஞ்சிறு நாஜிக் கட்சி, ஸ்வஸ்திகா பட்டை கட்டிக்கொண்டு அங்கே வருவதாக அறிவித்தது. ஊர் நிர்வாகம் தடை போட்டது.

‘அவர்களுக்காக வாதாடியவர்களும் நாஜி அனுதாபிகளே’ என்பது அடுத்த தவறு. வழக்கை நடத்திய டேவிட் கோல்ட்பெர்கர் யூதர். அவருடைய சிவில் உரிமை அமைப்பின் தலைமை நிர்வாகி ஆர்யே நையர், பெர்லினில் பிறந்து நாஜிகளிடமிருந்து தப்பிய யூதக் குடும்பத்துப் பிள்ளை. 1963இல் பர்மிங்காமில் மார்ட்டின் லூதர் கிங்கின் ஊர்வலத்துக்கு அனுமதி மறுத்ததும் ஸ்கோக்கி நிர்வாகம் கையிலெடுத்தது போன்ற அதிகாரம்தான். பிடிக்காத கருத்தைத் தெருவிலிருந்து விரட்டும் அதிகாரத்தை எந்த நிர்வாகத்திடமும் ஒப்படைக்கக் கூடாது என்பதே அவர்கள் வாதம். நானும் அந்தப் பக்கம்தான்.

‘அனுமதி என்றால் ஆமோதிப்பு’ என்பதும் தவறு. நாஜிக் கொள்கை தங்களுக்கு அருவருப்பானது என்று எழுதிவிட்டுத்தான் 1978இல் கூட்டாட்சி நீதிபதிகள் ஊரின் தடைகளை ரத்து செய்தார்கள்.

‘கண்டுகொள்ளாமல் விட்டால் தானே அடங்கிவிடும்.’ இதுதான் என்னை அதிகம் வருத்துகிறது. ஊர்வலத்தன்று திரைச்சீலையை இழுத்துவிட்டு வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்று யூதத் தலைவர்கள் சிலரே அறிவுரை சொன்னார்கள். தாயையும் தகப்பனையும் வதைமுகாமில் பறிகொடுத்தவர்களிடம் அப்படிச் சொல்ல எப்படி மனம் வந்தது? அவர்கள் கேட்கவில்லை. இந்த முறை தெருவில் எதிரே நிற்போம் என்றார்கள். பேச்சுரிமை ஊர்வலம் வருபவனுக்கு மட்டுமானதா என்ன? எதிரே நின்று கத்துபவனுக்கும் அதே உரிமை உண்டு.

கடைசியில் சிகாகோவில் இடம் கிடைத்ததும் காலின் ஸ்கோக்கியைக் கைவிட்டார். 1978 ஜூன் 24 அன்று அந்நகரின் ஃபெடரல் பிளாசாவில் சுமார் இருபது நாஜிகள் நின்றார்கள்; ஆயிரக்கணக்கான எதிர்ப்பாளர்களின் கூச்சலில் அவர்கள் பேச்சு எடுபடவில்லை.

உயிர்தப்பியவர்கள் அதோடு வீடு திரும்பிவிடவும் இல்லை. 1981இல் அறக்கட்டளை தொடங்கி, பள்ளிகளுக்குப் போய்த் தாங்கள் பட்டதைச் சொன்னார்கள். அவர்கள் விடாமல் வற்புறுத்தியதால், 1990இல் யூத இன அழிப்பைப் பள்ளிகளில் கற்பிப்பதைக் கட்டாயமாக்கிய முதல் அமெரிக்க மாநிலமானது, ஸ்கோக்கி இருக்கும் இல்லினாய்.