தாத்தாவின் பாஸ்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அத்தை எழுதுகிறேன். போனில் கூப்பிட்டால் தூக்கக் கலக்கத்தில் "ம், சரி அத்தை" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் காகிதம். விடிகாலையில் கேப் உன்னை முத்தாபுதுப்பேட்டையில் இறக்கிவிடுகிற வரைக்கும் உன் அம்மா வாசல் லைட்டை அணைப்பதில்லையாம். அம்பத்தூரில் வண்டி ஏறியதும் ஒரு மெசேஜ், ஆவடி தாண்டியதும் ஒரு மெசேஜ் போட்டுவிடு. வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் படு. வெறும் வயிற்றோடு படுத்தால் பகல் தூக்கம் ஒட்டாது.

மெடிக்கல் கோடிங் டீம் கிடைக்கவில்லை, கிரெடென்ஷியலிங்கில் போட்டுவிட்டார்கள், வெறும் ஃபார்ம் நிரப்புகிற வேலை என்று அழுதாயாமே. பதினெட்டு வருஷம் அந்த ஃபார்மை நிரப்பித்தான் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். அழுததற்குக் கோபமில்லை. சின்ன வயசில் பென்சில் முனை உடைந்தாலும் அழுகிறவள்தானே நீ!

என்ன வேலை என்று பாட்டி கேட்டதற்கு உனக்குச் சொல்லத் தெரியவில்லையாம். இப்படிச் சொல். நம்மூரில் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் "முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இங்கே செல்லுமா?" என்று கேட்கிறோம் இல்லையா? 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தபோதும், 2012-ல் இப்போதைய திட்டம் வந்தபோதும் பட்டியலில் சேர்த்தது ஆஸ்பத்திரிகளைத்தான். அமெரிக்காவில் அது போதாது. ஒவ்வொரு டாக்டரும் ஒவ்வொரு இன்சூரன்ஸ் கம்பெனியின் பட்டியலிலும் தனித்தனியாக ஏறியாக வேண்டும். படிப்பு, லைசென்ஸ், போர்டு சான்று, அவர் மேல் வழக்கு ஏதும் உண்டா என்று எல்லாவற்றையும், டாக்டர் சொன்னார் என்று விடாமல், அதது கொடுத்த இடத்திலேயே கேட்டுச் சரிபார்ப்பார்கள். ஐந்து வருஷ வேலை விவரத்தில் ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி இருந்தால், அந்தக் காலத்தில் என்ன செய்தார் என்று கேட்பார்கள். டாக்டருக்காக இந்த ஃபார்ம்களை அனுப்பி முடித்துக் கொடுப்பதுதான் உன் வேலை. இதெல்லாம் முடிய மூன்று, நான்கு மாதம் பிடிக்கும். அதுவரை அவர் பார்க்கிற நோயாளிக்கு இன்சூரன்ஸ் பணம் வருவது நிச்சயமில்லை.

இதைச் சொல்லும்போதெல்லாம் உன் தாத்தாவை நினைத்துக்கொள்கிறேன். ஏர்ஃபோர்ஸ் குவார்ட்டர்ஸுக்குப் பால் ஊற்றினார். கேட்டில் நிற்கிறவர்களுக்கு அவர் சைக்கிள் மணிச் சத்தமே போதும், யார் வருகிறார் என்று தெரிந்துவிடும். அப்படியும் தினமும் பாஸைக் காட்டித்தான் உள்ளே போவார். ஒரு வருஷம் பாஸ் தேதி முடிந்ததை அவர் கவனிக்கவில்லை. மறுநாள் இரண்டு கேன் பாலும் வீட்டுக்குத் திரும்பி வந்தது. அம்மா அத்தனையையும் உறை ஊற்றினாள். "தெரிஞ்ச ஆளைப் போய் நிறுத்திட்டாங்களே" என்று நான் குதித்தேன். "அவங்க வேலைய அவங்க சரியாப் பாத்தாங்க, நான்தான் தேதியப் பாக்கல" என்றார் அப்பா. அதன் பிறகு எந்தக் காகிதம் கைக்கு வந்தாலும் திருப்பிப் போட்டு, கடைசித் தேதி எது என்றுதான் முதலில் பார்ப்பார்.

இதையெல்லாம் பார்த்து வளர்ந்த நானே தவறினேன் பாப்பா. நம் வீட்டில் உன் அப்பாவுக்குக்கூட இதைச் சொன்னதில்லை. பட்டியலில் ஏறிய டாக்டரையும் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை இன்சூரன்ஸ்காரர்கள் மறுபடி சரிபார்ப்பார்கள். ஒரு குழந்தை மருத்துவருக்கு அப்படி வந்த கடிதத்தில் கெடு 05/06 என்று இருந்தது. நம் வழக்கப்படி ஜூன் ஐந்து என்று குறித்துக்கொண்டேன். அமெரிக்கர்கள் மாதத்தை முன்னால் போடுவார்கள். அது மே ஆறு. நான் ஃபைலைத் திறந்தபோது டாக்டர் பட்டியலிலிருந்து விழுந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. மூச்சிரைப்புக்காக மாதாமாதம் வந்துகொண்டிருந்த ஒரு பையனின் தாய், முழுப் பில்லும் தன் தலையில் விழுந்ததைப் பார்த்துவிட்டு, வருவதையே நிறுத்திவிட்டாள் என்று கிளினிக்கிலிருந்து மெயில் வந்தது. அந்தப் பையன் பிறகு எந்த டாக்டரிடம் போனானோ! இன்றைக்கும் நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது. அன்றிலிருந்து தேதி எழுதினால் மாதத்தை எழுத்தில்தான் எழுதுகிறேன், பால் கணக்கு நோட்டில்கூட. நீயும் அப்படியே எழுது.

டாக்டரின் விவரத்தைச் சேர்த்து வைத்திருக்கிற சி.ஏ.க்யூ.எச். தளத்தில், அது சரிதான் என்று 120 நாளைக்கு ஒருமுறை உறுதிசெய்ய வேண்டும். ட்ரெயினிங்கில் சொல்லியிருப்பார்கள். நினைவூட்டும் மெயில் வரும் என்று உட்கார்ந்திருக்காதே. அது டாக்டரின் பழைய முகவரிக்குப் போய்க்கொண்டிருக்கும். மெடிகேர் என்கிற அரசு இன்சூரன்ஸில் மறுபதிவு பொதுவாக ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை. வருஷம் அதிகம் என்பதாலேயே எல்லாரும் மறப்பது அதைத்தான்.

பெயர் விஷயத்தில் உனக்கு ஒரு சௌகரியம் உண்டு, நீ தமிழ்ப் பெண். நம்மூரில் படித்துவிட்டு அங்கே போன டாக்டர்களின் ஃபைல் வந்தால் மற்றவர்கள் விழிப்பார்கள். காலேஜ் சான்றிதழில் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்துதான் இருக்கும். பாஸ்போர்ட்டில் அதே எழுத்து அப்பாவின் முழுப் பெயராகிக் கடைசிப் பெயராக உட்கார்ந்திருக்கும். கல்யாணத்துக்குப் பிறகு லைசென்ஸில் மூன்றாவது ஒரு பெயர். மூன்றும் ஒரே ஆள்தான் என்பது உனக்குப் பார்த்ததும் தெரியும். ஆனால் உனக்குத் தெரிந்தால் ஆயிற்றா? பெயர் மாறியதற்கான காகிதத்தை முதல் நாளே கேட்டு வாங்கி வை.

இன்சூரன்ஸ் கம்பெனிக்கு போன் போட்டால் "இன் ப்ராசஸ்" என்பார்கள். அதோடு வைத்துவிடாதே. ஃபைல் யாரிடம் இருக்கிறது, எந்தக் காகிதம் பாக்கி, எந்தத் தேதியிலிருந்து செல்லும் என்று கேள். பேசியவரின் பெயரையும் கால் ரெஃபரன்ஸ் நம்பரையும் அந்த நிமிஷமே எழுது. அரை மணி நேரம் ஹோல்டில் போட்டாலும் குரலில் எரிச்சல் வரவேண்டாம். உனக்கு மூக்கின் நுனியில் கோபம் இருப்பது எனக்குத் தெரியாதா?

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். உன் ஆதாரில் இனிஷியல் பின்னால் இருக்கிறது, பான் கார்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கிறது என்று போன பொங்கலுக்கே பார்த்தேன். டிகிரி சர்டிஃபிகேட்டில் எப்படியோ! எல்லாவற்றையும் எடுத்து வை, உட்கார்ந்து பார்த்துவிடலாம். பரணில் தகரப் பெட்டி இருக்கும். அதில் தாத்தாவின் பழைய பாஸ், மஞ்சள் பையில் சுற்றி வைத்தது, கரையான் அரிக்காமல் இருந்தால் எனக்கு வேண்டும்.

உன் அத்தை