வெள்ளைத் தாளின் ஒளி

நீர்வண்ண ஓவியம் ஒன்றை மனக்கண்ணில் காண்போம். முன்னே ஓர் ஆறு ஓடுகிறது. அதன் கரையில் மரங்கள் அடர்ந்து நிற்கின்றன. அவற்றுக்கு அப்பால் நீல நிற மலைகள் தெரிகின்றன. ஆற்று நீர் காலை வெயிலில் பளபளக்கிறது. அந்தப் பளபளப்பைக் காட்ட ஓவியர் எந்த வண்ணத்தைத் தீட்டினார்? எதையுமே தீட்டவில்லை. அது தூரிகை படாத வெறும் தாள்!

எண்ணெய் வண்ணம் அடியில் உள்ளதை மறைத்துவிடும். அதனால், கருமையாகிவிட்ட இடத்தின் மேல் வெள்ளையைப் பூசிச் சரிசெய்யலாம். நீர்வண்ணமோ கண்ணாடி போன்றது. ஒளி அதனுள் புகுந்து, தாளில் பட்டு, மீண்டும் நம் கண்ணுக்கு வருகிறது. தாளின் வெண்மையை ஒருமுறை மறைத்துவிட்டால் அதை முழுமையாக மீட்பது அரிது. எனவே, ஓவியர் எங்கே தீட்டக்கூடாது என்பதை முதலிலேயே முடிவு செய்கிறார்.

பின்னர், அவர் வெளிறிய வண்ணத்தில் தொடங்கி அடர்ந்த வண்ணத்திற்குச் செல்கிறார். வானமும் மலைகளும் முதலில் வருகின்றன. மலையிலுள்ள மரங்கள் பச்சைதான். ஆயினும், இடையிலுள்ள காற்று நீல ஒளியை மிகுதியாகச் சிதறச் செய்வதால் தொலைவில் அவை நீலமாகத் தெரிகின்றன. ‘தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி’ என்பார்கள். ஓவியருக்கோ தூரத்துப் பச்சை நீலமாகிவிடுகிறது!

அடுத்து மரங்களைத் தீட்ட வேண்டும். முதல் பூச்சு காயும் முன் தீட்டினால் வண்ணங்கள் ஒன்றோடொன்று கலந்து பரவும். மூடுபனிக்கு அது அழகு தரும். மரக்கிளையின் வடிவத்தையோ கெடுத்துவிடும். நம் நாட்டின் ஈரக்காற்றில் தாள் மெதுவாகவே காயும். அதற்குள் வெயிலும் நகர்ந்துவிடும். ஆகவே, ஓவியருக்குப் பொறுமையும் வேண்டும். கண்ட காட்சியை நினைவில் நிறுத்தும் திறனும் வேண்டும்.

இங்கிலாந்து ஓவியர் தாமஸ் கெர்டின் 1800ஆம் ஆண்டில் தேம்ஸ் நதியின் மாலைக் காட்சியை வரைந்தார். மங்கிய அக்காட்சியில் கரையோர வீடு ஒன்று மட்டும் வெண்மையாக ஒளிர்கிறது. அவ்வீடு, வண்ணம் பூசாமல் விடப்பட்ட தாளே. இரண்டு ஆண்டுகளுக்குப் பின், தம் 27ஆவது வயதில் அவர் மறைந்தார். அவ்வோவியம் இன்றும் போற்றப்படுகிறது.

நம் நாட்டில் இக்கலையை வளர்த்தவர்களுள் யோங் முன் சென் குறிப்பிடத்தக்கவர். 1896இல் கூச்சிங்கில் பிறந்த இவர், பினாங்கில் வாழ்ந்து, கடற்கரைகளையும் தென்னை மரங்களையும் நீர்வண்ணத்தில் தீட்டினார். மலேசிய ஓவியக் கலையின் தந்தை என இவரைப் போற்றுவர்.

நீங்களும் உங்கள் ஊரின் ஆற்றங்கரைக்குப் பெரியவர் ஒருவருடன் சென்று வரைந்து பாருங்கள். வண்ணப் பெட்டியைத் திறப்பதற்கு முன், நீரில் வெயில் பளபளக்கும் இடங்களைப் பென்சிலால் மெல்லக் குறித்துக்கொள்ளுங்கள். ஓவியம் முடியும்வரை அவ்விடங்களைத் தூரிகை தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.