காப்பகத்துக் கரடிகள்

கரடியைத் தெருவில் ஆட்டிப் பிழைக்கும் வழக்கம் நம் நாட்டில் நெடுங்காலம் நிலவியது. கலந்தர் மரபினர் சிலர் கரடிக் குட்டிகளை விலைக்கு வாங்கி, மூக்கைத் துளைத்துக் கயிறு கோத்து, கோரைப் பற்களைத் தகர்த்துவிடுவர். ஆண்குட்டியாயின் விதையடிப்பதும் உண்டு. மயக்க மருந்தின்றியே இவை யாவும் நடந்தன.

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கரடிகளைக் காட்சிக்குப் பழக்குவதை 1998-இல் அரசு தடுத்தது. எனினும் கரடிகளை மீட்டால் எங்கே வைப்பது? 1999-இல் ஆக்ராவை அடுத்த கீதம் ஏரிப் பகுதியில் ஒரு காப்பகம் தோன்றியது; பின்னர் பெங்களூரை அடுத்த பன்னேர்கட்டாவிலும் ஒன்று அமைந்தது. அறுநூறுக்கு மேற்பட்ட கரடிகள் மீட்கப்பட்டன. கரடியை ஒப்படைத்த குடும்பங்கள் வேறு தொழில் தொடங்க உதவி பெற்றன. 2009-ஆம் ஆண்டோடு கரடியாட்டம் ஏறத்தாழ ஒழிந்தது.

மீண்ட கரடிகளைக் காட்டில் விட இயலாது. பல்லிழந்த கரடி எவ்வாறு பிழைக்கும்? காட்டில் குட்டி தாயின் முதுகில் ஏறித் திரிந்து, கறையான் புற்றைத் தோண்டவும் பழம் தேடவும் ஈராண்டுக்கு மேலாகக் கற்கிறது. காப்பகத்துத் தாயோ, தானே குட்டிப் பருவத்தில் தாயை இழந்தது. கற்பிக்க அதனிடம் ஒன்றுமில்லை. ஆகவே அங்குப் பிறக்கும் குட்டி வேலிக்குள்ளேயே முப்பது ஆண்டுகள் வரை வாழ நேரும். மீட்கப்பட வேண்டிய மற்றொரு கரடியின் இடமும் அதனால் குறையும்.

இயற்கை தந்த மகப்பேற்றைத் தடுக்க மனிதனுக்கு உரிமை உண்டோ எனச் சிலர் வினவுவர். நியாயமான வினாவே. ஆயினும் அக்கரடியைக் காட்டினின்று பிரித்தவனும் மனிதனே அன்றோ?

விலங்குகள் அளவின்றிப் பெருகாமல் தடுக்க, ஆண் பெண் விலங்குகளைப் பிரித்து வைத்தல், அறுவை மூலம் கருத்தடை செய்தல் ஆகிய முறைகளை உயிரியற் பூங்காக்களுக்கான 2009-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. பஞ்சாபின் சத்பீர் பூங்காவில் ஆசியச் சிங்கமும் ஆப்பிரிக்கச் சிங்கமும் கலந்த இனம் பெருகியபோது, ஆண் சிங்கங்களுக்கு இவ்வறுவையே செய்யப்பட்டது.

இது பழைய விதையடிப்பு அன்று. மருத்துவர் விலங்கை மயக்கத்தில் ஆழ்த்தி, விந்துக் குழாயை மட்டும் துண்டிக்கிறார். விதைகள் அப்படியே இருப்பதால் சுரப்பு குறைவதில்லை. ஆண் தன் வலிமையோடும் இயல்போடும் வாழ்கிறது, துணையோடு கூடுகிறது, குட்டி மட்டும் பிறப்பதில்லை. பிரித்து வைக்க இடமுள்ள காப்பகத்தில் இந்த அறுவையும் வேண்டுவதில்லை. ஒரு வேலியே போதும்.