மூச்சுக்கு ஓர் இயந்திரம்: வீட்டுக்கு எதைத் தெரிந்தெடுப்பது?



கடந்த சில மாதங்களாக இரண்டு கேள்விகள் எங்களிடம் அடிக்கடி வருகின்றன. “குறட்டை வியாதிக்கு வீட்டில் வைத்துக்கொள்ளும் இயந்திரங்களில் எதை வாங்கலாம்?” என்பது ஒன்று. “வெளிநாட்டில் எங்கள் உறவினர் உபயோகித்த இயந்திரம் சும்மா இருக்கிறது, ஏழை நோயாளிக்குக் கொடுக்கலாமா?” என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் பதிலாகவே இம்மாதப் பாடத்தை எழுதுகிறோம்.

1. வியாதி என்ன?

நாம் தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு அவை மூச்சுக்குழலின் வழியையே அடைத்துவிடுகின்றன. பத்து விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நிற்கிறது. இரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. உடனே மூளை உலுக்கி எழுப்ப, ஒரு பெரிய குறட்டையோடு மூச்சு திரும்புகிறது. இது ஒரு மணி நேரத்தில் முப்பது, நாற்பது தடவைகூட நடக்கலாம். தூங்குகிறவருக்கு ஒன்றும் தெரியாது. பக்கத்தில் படுத்திருக்கும் மனைவிக்குத்தான் தெரியும். காலையில் தலைவலி, பகலெல்லாம் தூக்கம், கட்டுப்படாத இரத்த அழுத்தம் ஆகியவை இதன் அடையாளங்கள்.

இந்தியாவில் வேலை செய்யும் வயதினரில் பத்துக் கோடிக்கும் அதிகமானோருக்கு இந்த மூச்சுத்தடை இருக்கக்கூடும் என்று புதுடெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2023-இல் மதிப்பிட்டார்கள். நமது வடசென்னையில் இது வீட்டுக்குள் முடிகிற காரியமல்ல. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் டிரெய்லர்கள் இராப்பகலாக ஓடுகின்றன. மணலியிலும் எண்ணூரிலும் ஷிப்டு வேலை. ஸ்டியரிங் பிடித்தவர் ஒரு கணம் கண் அயர்ந்தால், சாலையோரத்தில் நிற்கிறவனுடைய உயிரும் போகிறது.

அப்போஸ்தலர் 20-ஆம் அதிகாரத்தில் ஐத்திகு என்ற வாலிபனைப் பார்க்கிறோம். பவுலின் நீண்ட பிரசங்கத்தின்போது தூங்கி, மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தவன். பிரசங்கிமார் அவனைச் சொல்லிச் சிரிக்க வைப்பதுண்டு. பவுலோ அவனைக் கடிந்துகொள்ளவில்லை. இறங்கிப் போய் அணைத்துக்கொண்டார். ஐத்திகுவுக்கு என்ன இருந்தது என்று வேதம் சொல்லவில்லை. ஆனால் நமது சபையில் கடைசி பெஞ்சில் தூங்குகிறவரைச் சோம்பேறி என்றோ குடிகாரர் என்றோ தீர்ப்பதற்கு முன், அவர் இரவில் எப்படித் தூங்குகிறார் என்று ஒரு வார்த்தை கேட்பது நல்லது.

2. இயந்திரம் வந்த விதம்

1980 வரை, இந்நோய் முற்றினவர்களுக்குத் தொண்டையில் துளையிடுவதே முக்கிய சிகிச்சையாக இருந்தது. அந்த ஆண்டில் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் டாக்டர் காலின் சல்லிவன் ஒரு நோயாளியின் மூக்கில் முகமூடி பொருத்தி, காற்றடிக்கும் மோட்டாரால் தொடர்ந்து மெல்லிய அழுத்தம் கொடுத்துப் பார்த்தார். அந்தக் காற்றே தொண்டையைத் திறந்து வைத்தது. நோயாளி இரவெல்லாம் தூங்கினார். 1981-இல் ‘லான்செட்’ இதழில் இது வெளியானது. இன்று ‘சிபாப்’ என்று அழைக்கப்படும் சிறு பெட்டிக்கு அதுவே ஆரம்பம். அது மருந்து கொடுப்பதில்லை, பிராணவாயுவும் கொடுப்பதில்லை. சாதாரணக் காற்றால் வழியைத் திறந்து வைக்கிறது, அவ்வளவே. அணிந்திருக்கும்வரைதான் அது வேலை செய்யும்.

3. முதலில் பரிசோதனை

குறட்டை விடுகிற யாவருக்கும் இயந்திரம் தேவையில்லை. ஆஸ்பத்திரியிலோ வீட்டிலோ ஓர் இரவு தூக்கப் பரிசோதனை செய்து, ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை மூச்சு தடைப்படுகிறது அல்லது குறைகிறது என்று எண்ணுகிறார்கள். ஐந்துக்குக் கீழ் இருந்தால் பயமில்லை. 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. லேசான நிலையில் எடை குறைத்தல், மதுவை விடுதல், ஒருக்களித்துப் படுத்தல் ஆகியவற்றாலேயே பலருக்குக் குணம் தெரிகிறது.

இயந்திரம் வேண்டுமென்றால் மூன்று வகை உண்டு. ஒரே அழுத்தத்தில் ஓடுவது முதல் வகை. தேவைக்கேற்பத் தானே அழுத்தத்தைக் கூட்டிக் குறைப்பது இரண்டாவது. மூச்சை இழுக்கும்போது ஓர் அழுத்தமும் விடும்போது குறைந்த அழுத்தமும் தருகிற ‘பைபாப்’ மூன்றாவது. பெரும்பாலோருக்கு முதல் இரண்டில் ஒன்று போதும். பைபாப் விலை அதிகம். நுரையீரல் நோய் போன்ற வேறு காரணம் இருந்தால்தான் மருத்துவர் அதை எழுதுவார். 2021-இல் கொரோனாவுக்காக வாங்கி வீட்டில் கிடக்கும் ஆக்ஸிஜன் கருவி இதற்கு மாற்று அல்ல. அது அடைபட்ட தொண்டையைத் திறக்காது.

4. நமது வீடுகளுக்கு ஏற்றதா?

கடைக்காரர் இயந்திரத்தின் திரையையும் பொத்தான்களையும் காட்டுவார். நாம் பார்க்க வேண்டியவை வேறு.

முகமூடி: இதுவே எல்லாவற்றிலும் முக்கியம். மூக்குக்கு மட்டும், மூக்குத் துவாரங்களுக்கு மட்டும், மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுவது என்று பல வகை உண்டு. தாடி உள்ளவர், பல் விழுந்தவர், வாயால் மூச்சு விடுகிறவர் ஆகியோருக்குத் தனித்தனியாகப் பொருத்திப் பார்க்க வேண்டும். காற்று கசிந்தால் கண் எரியும். மூன்றாம் நாளே கழற்றி வைத்துவிடுவார். முகமூடியின் ரப்பர் சில மாதங்களில் தளரும். அதை மாற்றும் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மின்சாரம்: 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நமது பகுதிகள் இருளில் கிடந்ததை மறக்க முடியாது. சிபாப் அதிக மின்சாரம் இழுப்பதில்லை. ஆனால் காற்றை ஈரமாக்கும் வெந்நீர்த் தொட்டியையும் சேர்த்து ஓட்டினால் செலவு கூடும். வீட்டு இன்வெர்ட்டரில் எத்தனை மணி நேரம் ஓடும் என்று கேட்டு வாங்குங்கள்.

தூசியும் ஈரமும்: எண்ணூர்ப் பக்கம் சாம்பல் தூசி ஜன்னலை மூடினாலும் வருகிறது. ஆகையால் வடிகட்டியை வாராவாரம் பார்க்க வேண்டும். அது எளிதில் கிடைக்கும் மாடலாக இருக்க வேண்டும். கடற்காற்றின் ஈரம் உள்ள நமது வீடுகளில் பலருக்கு வெந்நீர்த் தொட்டியே தேவைப்படுவதில்லை. ஏசி அறையில் மூக்கு உலருகிறவருக்கு அது உதவும். தொட்டியில் குழாய்த் தண்ணீர் வேண்டாம், காய்ச்சி வடித்த நீரே ஏற்றது.

படுக்கை: காசிமேட்டில் ஒரே அறையில் ஐந்து பேர் பாய் விரித்துப் படுக்கும் வீடு உண்டு. இயந்திரத்தைத் தரையிலேயே வைத்தால் தூசியை இழுக்கும். தொட்டியில் தண்ணீருடன் உயரத்தில் வைத்தால், சாய்ந்தபோது நீர் குழாய் வழியே முகத்துக்கு வரும். தொட்டியைக் கழற்றிவிட்டு, உயரம் குறைந்த ஒரு பலகைமேல் வைப்பதே அங்கே சரி. பிள்ளைகளின் கால் குழாயில் சிக்காத மூலையாகவும் இருக்கட்டும்.

கடை: பழுது பார்க்கவும், பதிவான விவரத்தை எடுத்துக் கொடுக்கவும் சென்னையிலேயே ஆள் இருக்கிறதா? இரவுக்கு நான்கு மணி நேரமாவது அணிகிறாரா என்பதை இயந்திரமே பதிவு செய்கிறது. மருத்துவருக்கு அந்தக் கணக்கு மிகவும் அவசியம்.

5. பழைய இயந்திரத்தைக் கொடுக்கலாமா?

தங்கள் நல்ல மனதுக்கு நன்றி. ஆனால் கவனம் தேவை. 2021 ஜூன் மாதத்தில் ஃபிலிப்ஸ் ரெஸ்பிரானிக்ஸ் நிறுவனம் தன் இயந்திரங்களில் பல இலட்சங்களை உலகெங்கும் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. சத்தத்தைக் குறைக்க உள்ளே வைத்த நுரைப்பஞ்சு நாளடைவில் உதிர்ந்து, துகள்களும் வாயுவும் மூச்சில் கலக்கக்கூடும் என்பதே காரணம். ‘ட்ரீம்ஸ்டேஷன்’ முதல் தலைமுறையும் அவற்றில் சேர்ந்தது. அப்படிப்பட்ட பெட்டி ஒன்று இன்றும் யாருடைய அலமாரியிலாவது இருக்கலாம். பணக்காரர் பயந்து ஒதுக்கியதை ஏழையின் முகத்தில் மாட்டுவது தருமமாகாது.

ஆகவே பழைய இயந்திரம் தர விரும்புகிறவர்கள் முதலில் மாடல் பெயரையும் வரிசை எண்ணையும் எழுதி அனுப்புங்கள். அது திரும்பப் பெறப்பட்ட பட்டியலில் இல்லையென்று தெரிந்த பின்பே பெட்டி வரட்டும். முகமூடி, குழாய், வடிகட்டி, தண்ணீர்த் தொட்டி ஆகியவை புதிதாகவே இருக்க வேண்டும். முந்தினவருக்கு வைத்த அழுத்தத்தை நீக்கி, புதியவருக்கு மருத்துவர் எழுதியதை வைக்க வேண்டும்.

6. எது மேலான உதவி?

இயந்திரம் வாங்கிக் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வது எளிது. பலர் அதைக் கைவிடுவது முதல் சில வாரங்களில்தான். மூச்சு முட்டுவதுபோல் இருக்கும், மனைவி பயப்படுவாள், “ஐ.சி.யூ. மாதிரி இருக்கிறது” என்று பிள்ளைகள் அழும். அந்த நாட்களில் ஒருவர் வீட்டுக்குப் போய், பட்டையைச் சரிசெய்து, பகலில் ஒரு மணி நேரம் விழித்தபடியே அணிந்து பழகச் சொன்னால் அவர் தொடர்ந்து உபயோகிப்பார். ஆதலால் ஒரு பெரிய இயந்திரத்துக்குக் கொடுப்பதைவிட, ஒருவருக்கு ஒரு பரிசோதனை, ஒரு சாதாரண இயந்திரம், பொருந்தும் முகமூடி, ஓராண்டு உதிரிப் பொருள்கள், சந்திக்கப் போகிறவருடைய பஸ் செலவு ஆகியவற்றைச் சேர்த்துத் தாங்குங்கள். இரவுதோறும் முகத்தில் இருக்கும் இயந்திரமே நல்ல இயந்திரம்.

கூட்டங்களில் கலந்து பேச:

1. நமது சபையில் இரவு ஷிப்டிலோ வண்டி ஓட்டுவதிலோ இருப்பவர்கள் யார்? அவர்கள் தூக்கத்தைப் பற்றி நாம் விசாரித்ததுண்டா?
2. நமக்கு வேண்டாததைக் கொடுப்பதற்கும், பிறனுக்கு வேண்டியதைக் கொடுப்பதற்கும் என்ன வித்தியாசம்?
3. இயந்திரம் பெற்ற ஒருவரை முதல் மாதத்தில் வாரம் ஒருமுறை சந்திக்க உங்களில் இருவர் முன்வர முடியுமா?